அம்மாவின் பெட்டி, அப்பாவின் முழங்கால்: இரண்டு சிங்கப்பூர்ப் பயணங்களின் கணக்கு

கணக்கு எழுதுவது என் பிழைப்பு. தஞ்சாவூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். யாருடைய பேரேட்டில் பத்து ரூபாய் இடித்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். ஆனால் எங்கள் வீட்டுக் கணக்கிலேயே 7,900 ரூபாய்க்கு ஓட்டை விழுந்திருந்ததை இரண்டு வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். ஓட்டையைப் போட்டது ஒரு மலிவான விமான டிக்கெட்.

அக்கா சிங்கப்பூரில் யீஷூனில் இருக்கிறாள். அவளைப் பார்க்க 2023 மார்ச்சில் ஒரு தடவையும் 2025 ஆகஸ்டில் ஒரு தடவையும் போய் வந்தோம். அப்பா, அம்மா, நான் என்று மூன்றே பேர். முதல் தடவை போனபோது அப்பாவுக்கு 71 வயது, வலது முழங்கால் தேய்மானம். அம்மாவுக்கு 66, வருடத்தில் பாதி நாள் சளி. ஆட்களும் ஊரும் மாறவில்லை, நோய்களும் மாறவில்லை. முதல் பயணத்தில் காசும் போயிற்று, உடம்பும் போயிற்று. இரண்டாவதில் இரண்டும் ஓரளவு மிஞ்சின. நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதல் பயணம், மார்ச் 2023

தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையம் அறுபது கிலோமீட்டருக்குள்தான். காரில் ஏறி ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். அங்கிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் உண்டு. போக வர ஆளுக்கு 16,900 ரூபாய் காட்டியது. சென்னையிலிருந்து வேறொரு விமானத்தில் 13,200. வித்தியாசம் 3,700, மூன்று பேருக்கு 11,100. இவ்வளவு பணத்தை யார் விடுவார்கள்? உடனே சென்னையைப் போட்டுவிட்டேன். ‘பையன் கணக்குல புலி’ என்று அப்பா பக்கத்து வீட்டில் வேறு சொல்லி வைத்துவிட்டார்.

உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, விடியும் முன் தாம்பரத்தில் இறங்கினோம். விமானம் அன்று இரவு பதினொன்றரைக்கு. பகல் முழுக்க எங்கே இருப்பது? முழங்கால்காரரை வெயிட்டிங் ஹாலில் உட்கார வைக்க மனம் வரவில்லை, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். ரயிலில் தூங்காத அம்மா லாட்ஜிலும் தூங்கவில்லை. கொசு.

இரவு கவுன்ட்டரில் அம்மாவின் பெட்டியைத் தராசில் வைத்தேன். 33 கிலோ. நான் முன்கூட்டிக் காசு கட்டியிருந்தது ஒரே ஒரு 20 கிலோ பெட்டிக்கு. 32 கிலோவுக்கு மேல் ஒற்றைப் பெட்டியை ஏற்றவே மாட்டோம், தூக்குகிற ஆட்களின் இடுப்பு என்னாவது என்று அந்தப் பெண் சொன்னார். நியாயம்தான். அங்கேயே தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தோம். பின்னால் நீண்ட வரிசை நிற்கிறது. அம்மா ஒவ்வொரு பொட்டலமாக எடுத்துக் காட்டுகிறாள்: இட்லி அரிசி 8 கிலோ, உளுந்து 3, சாம்பார்ப் பொடியும் மிளகாய்ப் பொடியும் 3, முறுக்கும் அதிரசமும் ஒரு தகரடப்பா, வடகம், நாரத்தங்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில். எதையும் விட மனசில்லை. கடைசியில் நாலு கிலோவை இழுத்துக் கைப்பைகளில் திணித்தோம். பெட்டி 29க்கு வந்தது. மிச்சம் 9 கிலோவுக்குக் கிலோ 600 ரூபாய் வீதம் 5,400 கட்டினேன். அந்த 9 கிலோவில் 8 கிலோ இட்லி அரிசி என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ அரிசியை 600 ரூபாய் வாடகைக்கு விமானத்தில் ஏற்றியிருக்கிறேன்.

அதோடு முடியவில்லை. கைப்பைக்கு மாறிய நாலு கிலோவில் ஊறுகாயும் இருந்தது. 100 மில்லிக்கு மேல் திரவமோ களிம்போ கைப்பையில் போகாது. எண்ணெயில் மிதக்கும் நாரத்தங்காயும் அந்தக் கணக்கில்தான் வரும். பெட்டியிலேயே இருந்திருந்தால் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்திருக்கும். பாதுகாப்புச் சோதனைக்காரர் இரண்டு பாட்டிலையும் எடுத்துத் தொட்டியில் போட்டார். ‘மூணு மாசம் ஊறினது தம்பி’ என்றாள் அம்மா. அவர் ‘தெரியும்மா, எங்க அம்மாவும் போடுவாங்க’ என்றார். அதற்குமேல் யார் என்ன பேச முடியும்?

விமானத்தில் மூன்று பேருக்கும் மூன்று வெவ்வேறு மூலையில் இடம். இருக்கைக்குத் தனியாகக் காசு கட்டாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்ததுதான் இடம். அப்பாவுக்கு 27ஆம் வரிசையில் நடு இருக்கை. மலிவு விமானங்களில் ஒரு இருக்கைக்கும் முன்னிருக்கைக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் 28, 29 அங்குலம்தான். மடக்கிய முழங்காலை நாலு மணி நேரம் நீட்ட முடியாமல் இருந்தார். பக்கத்து ஆளை எழுப்பிக் கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்கவில்லை.

அம்மா முதல் முறையாக நன்றாகத் தூங்கினாள். இரண்டு ராத்திரித் தூக்கமும் சேர்ந்து வந்தது. விமானம் இறங்க ஆரம்பித்ததும் தெரியாது, தரையைத் தொட்டதும் தெரியாது. எழுந்தபோது இடது காது அடைத்திருந்தது. மூன்று நாள் அடைப்பு விடவில்லை, கூடவே வலி. யீஷூனில் ஒரு கிளினிக்கில் 65 வெள்ளி ஆயிற்று. அங்கே டாலரை நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள், எனக்கும் ஒட்டிக்கொண்டது. நம் பணத்தில் நாலாயிரம் ரூபாய் கிட்டே.

திரும்பும்போது சென்னையில் இறங்கி வெளியே வர நள்ளிரவு தாண்டிவிட்டது. ரயில் இல்லை. கார் பிடித்து 7,500 கொடுத்து ஊர் வந்து சேர்ந்தோம். அப்பாவின் கணுக்கால் இரண்டும் வீங்கிச் செருப்பு ஏறவில்லை.

கணக்கு

இரண்டாவது பயணத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்தபோதுதான் பழைய ரசீதுகளை எடுத்துக் கூட்டினேன். டிக்கெட் 39,600. பெட்டிக்கு முன்பணம், போக வர, 4,200. கவுன்ட்டரில் 5,400. ரயில் 2,400, ஆட்டோ வகையறா 900, லாட்ஜ் 2,200, கார் 7,500. ஆக 62,200. கிளினிக்கைச் சேர்க்கவில்லை.

திருச்சியிலிருந்து போயிருந்தால்? டிக்கெட் 50,700, விமான நிலையத்துக்குப் போக வர கார் 3,600, ஆக 54,300. அந்த 16,900 கட்டணத்தில் ஆளுக்கு 20 கிலோ பெட்டி சேர்த்தி. இதை நான் அன்றைக்குக் கவனிக்கவே இல்லை. சென்னை டிக்கெட்டில் வெறும் கைப்பை மட்டும். பெட்டியோடு ஒரு விலை, பெட்டி இல்லாமல் ஒரு விலை. இரண்டையும் பக்கத்தில் வைத்து எது மலிவு என்று பார்த்திருக்கிறேன். தோல் உரித்த பூண்டையும் உரிக்காத பூண்டையும் ஒரே விலையில் ஒப்பிடுகிற மாதிரி.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த 13,200 ரூபாய் டிக்கெட் ஏமாற்று இல்லை. முதுகில் ஒரு பையோடு பஸ்ஸில் சென்னை போய், எங்கே இடம் கிடைத்தாலும் உட்கார்ந்து வருகிற இருபத்தைந்து வயதுப் பையனுக்கு அது உண்மையிலேயே மலிவு. முழங்கால், சளி, இட்லி அரிசி என்று கிளம்புகிற குடும்பத்துக்கு அது வேறு டிக்கெட்.

என்னை அதிகம் உறுத்தியது பணம்கூட இல்லை. மலிவுக்காகப் பிடித்த இரவு விமானம்தான் அம்மாவைத் தூங்க வைத்தது, தூக்கம்தான் காதை அடைத்தது. தூரத்து விமான நிலையம்தான் நாலு மணி நேர விமானத்தோடு ஏழு மணி நேரக் காரைக் கோர்த்து அப்பாவின் காலை வீங்க வைத்தது. காசு போன வழியிலேயே சௌகரியமும் போயிருக்கிறது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியிருந்தாலாவது பரவாயில்லை.

காதும் காலும்

தஞ்சாவூரில் காது மூக்கு டாக்டர் ஒருவரிடம் அம்மாவைக் கூட்டிப் போனேன். அவர் விளக்கியது எளிமையாக இருந்தது. மூக்கின் பின்பக்கத்துக்கும் நடுக்காதுக்கும் ஒரு மெல்லிய குழாய் ஓடுகிறது, யூஸ்டேஷியன் குழாய் என்று பெயர். விமானம் ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று அந்தக் குழாய் வழியாகத் தானே வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடும், அந்தக் காற்று உள்ளே போகக் குழாய் திறக்க வேண்டும். எச்சில் விழுங்கினால், கொட்டாவி விட்டால் திறக்கும். தூங்குகிறவர்கள் அடிக்கடி விழுங்குவதில்லை. சளி இருந்தால் குழாயே வீங்கி அடைபட்டிருக்கும். அம்மாவுக்கு இரண்டும் இருந்தன.

மருந்து என்ன? இறங்க ஆரம்பிக்கும்போது, அதாவது தரை தொட அரை மணி நேரம் இருக்கும்போது எழுப்பிவிடுவது. வாயில் ஒரு புளிப்பு மிட்டாய். அதிலும் திறக்காவிட்டால் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதுவது. பலமாக ஊதக் கூடாது. சளி இருந்தால் மூக்கில் விடும் சொட்டு மருந்து ஒன்றை இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் போடச் சொன்னார். இரத்த அழுத்தம் இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது என்றும் சொன்னார்.

இன்னொன்றும் அவரிடம் தெரிந்துகொண்டேன். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயரத்துக்குச் சமமாக வைக்கப்பட்டிருக்கும். ஊட்டி ஏழாயிரத்துச் சொச்சம் அடி. ஆக நாலு மணி நேரம் ஊட்டியில் ஒரு நாற்காலியில் கட்டிப்போட்ட மாதிரி. ஆனால் ஊட்டியின் ஈரம் கிடையாது. விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. தொண்டையும் மூக்கும் காய்வது அதனால்தான். வயிற்றுக்குள் இருக்கும் வாயுவும் அந்த உயரத்தில் விரியும். கிளம்புமுன் சுண்டல், உருளைக்கிழங்கு, சோடா எல்லாம் தவிர்ப்பது நமக்கும் நல்லது, பக்கத்து இருக்கைக்காரருக்கும் நல்லது.

கால் வீக்கத்துக்குக் காரணம் இன்னும் எளிது. கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் இரத்தம் மேலே ஏறும். அசையாமல் உட்கார்ந்தால் கீழேயே தேங்கும். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, நாலு மணி நேரமோ அதற்கு மேலோ பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்றது. அப்படியும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான், பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது, விமானம் மட்டுமல்ல, காரும் பஸ்ஸும் ரயிலும் அதில் சேர்த்தி. அப்பாவுக்கு நான் சொன்னது ஒரே வார்த்தை: ‘தையல் மெஷின் மிதிங்க.’ குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தைத் தூக்கி, அரை மணிக்கு ஒரு தடவை இருபது மிதி. வீட்டில் அம்மாவின் பழைய மெஷினைப் பார்த்தே வளர்ந்த குடும்பம், வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது பயணம், ஆகஸ்ட் 2025

இந்தத் தடவை திருச்சிதான், காலை விமானம்தான் என்பதில் மாற்றமில்லை. ஒன்றரை மாதம் முன்னால், இந்திய விமான நிறுவனம் ஒன்றின் சொந்தத் தளத்தில் ஒரு திங்கட்கிழமைக்கு மூன்று டிக்கெட் போட்டேன், ஆளுக்கு 17,700. ராத்திரி அம்மா காலண்டரைப் பார்த்தாள்.

‘திங்கக்கிழமை கிழக்கே சூலம். சிங்கப்பூர் கிழக்கேதானே இருக்கு?’

‘தயிர் சாப்பிட்டுட்டுக் கிளம்பினா பரிகாரம்’ என்றார் அப்பா.

‘சளிக்காரி நான் தயிர் சாப்பிடணுமா?’

வாதம் அதோடு முடிந்தது. அப்போது நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி ஒன்று கைகொடுத்தது. பயணத்துக்கு ஏழு நாளாவது இருந்தால், பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்யலாம் என்பது 2025இல் இருந்த விதி. ரத்து செய்துவிட்டுச் செவ்வாய்க்கிழமையைத் தேடினேன். மூன்று பேருக்கு என்று போட்டால் ஆளுக்கு 17,100. சும்மா இருக்கட்டும் என்று இரண்டு பேருக்குப் போட்டுப் பார்த்தேன். 15,600!

இது மாயமில்லை. ஒரே மாதிரி இருக்கைகளைத்தான் விமான நிறுவனம் பல விலைக் கட்டுகளாகப் பிரித்து விற்கிறது. குறைந்த விலைக் கட்டில் அப்போது இரண்டே இருக்கை பாக்கி. மூன்று பேர் கேட்டால், மூன்று பேருக்கும் சேர்ந்து கிடைக்கும் அடுத்த கட்டின் விலையை எல்லோருக்கும் போட்டுவிடும். அப்பா அம்மாவுக்கு ஒரு பதிவு, எனக்குத் தனியாக 17,100இல் ஒரு பதிவு. மொத்தம் 48,300. மூவருக்கும் சேர்த்துப் போட்டிருந்தால் 51,300. இதில் ஒரு சிக்கல் உண்டு: விமானம் ரத்தானால் இரண்டு பதிவும் வெவ்வேறு விமானத்துக்குப் போகலாம். அதனால் நிறுவனத்துக்குப் போன் செய்து, முதியவர்களோடு நான் போகிறேன் என்று இரண்டு பதிவிலும் குறிக்கச் சொன்னேன். குழந்தையோடு போகிறவர்கள் இந்த வேலையே வைத்துக்கொள்ள வேண்டாம். தேடும்போது பிரவுசரில் ரகசிய ஜன்னல் திறந்தால் விலை குறையும் என்று அலுவலகத்தில் ஒருவர் சத்தியம் செய்தார். நானும் திறந்து பார்த்தேன், ஒரு ரூபாய் மாறவில்லை.

இருக்கைக்கு மட்டும் காசு செலவழித்தேன், அதுவும் இரண்டு பேருக்கு. போக வர 1,600 ரூபாய். அப்பாவுக்கு நடைபாதை ஓரம் என்று எல்லோரும் சொல்வார்கள், எந்த ஓரம் என்று யாரும் சொல்வதில்லை. மூன்று மூன்று இருக்கை உள்ள விமானத்தில் சி இருக்கைக்கு நடைபாதை வலது பக்கம், டி இருக்கைக்கு இடது பக்கம். அப்பாவுக்கு வலி வலது முழங்காலில். சி இருக்கையில் உட்கார்ந்தால் அந்தக் காலை வெளியே நீட்டிக்கொள்ளலாம், தள்ளுவண்டி வரும்போது மடக்கிக்கொண்டால் போதும். அவசர வழி வரிசையில் இடம் தாராளம், ஆனால் முதியவர்களுக்குத் தர மாட்டார்கள். பக்கத்தில் பி அம்மாவுக்கு. நான் காசு கட்டாமல் 29ஆம் வரிசையில் இரண்டு மல்யுத்த வீரர்களுக்கு நடுவே உட்கார்ந்து வந்தேன்.

சக்கர நாற்காலி இலவசம், இரண்டு நாள் முன்னால் சொல்லிவைத்தால் போதும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ‘நான் என்ன நோயாளியா?’ என்று ஒரே பதில். இதில் நான் தோற்றேன்.

பெட்டி விஷயத்தில் ஜெயித்தேன். 350 ரூபாய்க்கு ஒரு தொங்கு தராசு வாங்கிக் கூடத்தில் மாட்டினேன். முதலில் காலிப் பெட்டியையே நிறுத்தேன், 5 கிலோ! நாலில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒன்றரைக் கிலோவில் ஒரு துணிப்பை. அப்புறம் அக்காவைப் போனில் பிடித்து, தேக்கா மார்க்கெட்டில் எது எது கிடைக்கும் என்று அம்மா காது படக் கேட்டேன். இட்லி அரிசி, உளுந்து, மிளகாய்ப் பொடி, கறிவேப்பிலை எல்லாமே கிடைக்கும் என்றாள். ‘அப்ப அங்க கிடைக்காதது என்னடி?’ என்று அம்மா பிடுங்கிக்கொண்டாள். ‘உன் வடகம்மா. அப்புறம் நாரத்தங்காய்.’ வடகம் காற்று மாதிரி, கனமே இல்லை. ஊறுகாய் இரண்டு பாட்டில், மூடிக்கு மேல் டேப் சுற்றி, மூன்று பாலித்தீன் பைக்குள், துணிகளுக்கு நடுவே. அம்மாவின் பை 17 கிலோ. மூன்று பேரும் சேர்ந்து கொண்டுபோனது 41 கிலோ, அனுமதி 60.

முந்தின பயணத்துக்கும் இதற்கும் நடுவில் திருச்சிக்குப் புது முனையம் வந்துவிட்டது. 2024 ஜனவரி 2இல் பிரதமர் திறந்து வைத்தது. கோபுரமும் வண்ணமுமாக உள்ளே நுழைந்ததும் ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்ட மாதிரி அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கட்டிக் கொண்டுவந்த புளியோதரையை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். சில நிறுவனங்கள் விமானத்துக்குள் வெளிச் சாப்பாட்டைப் பிரிக்க விடுவதில்லை, ஏறுமுன் முடித்துவிடுவது நல்லது. காலி பாட்டிலைச் சோதனை தாண்டிக் கொண்டுபோய் உள்ளே நிரப்பிக்கொண்டோம்.

சிங்கப்பூருக்குள் நுழைய நிரப்ப வேண்டிய வருகை அட்டையை, போய்ச் சேருவதற்கு மூன்று நாளுக்குள் அவர்களுடைய குடிநுழைவுத் துறைத் தளத்திலேயே இலவசமாக நிரப்பலாம். அதே மாதிரி தோற்றத்தில் காசு பிடுங்கும் தளங்களும் தேடலில் மேலே வருகின்றன, எங்கள் தெருவில் ஒருவர் கட்டிவிட்டார். கடைகளில் கார்டு தேய்க்கும்போது ரூபாயா வெள்ளியா என்று மெஷின் கேட்டால் வெள்ளியைத்தான் அழுத்த வேண்டும். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் அப்பா நடந்தார். நகரும் நடைபாதை இருந்தும் தூரம் கொஞ்சமில்லை. வழியில் கால் பிடித்துவிடும் மெஷின் ஒன்று இலவசமாக இருந்தது. அதில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டேன் என்றார். எம்ஆர்டி ரயிலில் போனால் ஆளுக்கு இரண்டு வெள்ளி சொச்சம்தான், ஆனால் வழியில் மாற வேண்டும், படி, கூட்டம். டாக்சி பிடித்தோம். பத்து ரூபாய் எங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதும் கணக்கில் சேர்த்திதானே.

அம்மாவின் காது? அறிவிப்பு வந்ததும் அப்பாவே மிட்டாயைப் பிரித்து நீட்டியிருக்கிறார். அடைக்கவில்லை. அவருடைய கணுக்கால் லேசாக வீங்கி ராத்திரிக்குள் வடிந்துவிட்டது. நாலு மணி நேரத்தில் எத்தனை தடவை மெஷின் மிதித்தீர்கள் என்று கேட்டேன். ‘ஒரு ரவிக்கையே தெச்சிருக்கலாம்’ என்றார்.

டிக்கெட் 48,300, கார் 4,000, இருக்கை 1,600, ஆக 53,900. முதல் பயணத்தைவிட 8,300 குறைவு. இதில் சூலத்தின் பங்கு எவ்வளவு என்று அம்மா அடிக்கடி கேட்கிறாள்.

திரும்புவதற்கு முந்தின ராத்திரி, யீஷூன் வீட்டுக் கூடத்திலும் தொங்கு தராசு மாட்டியாயிற்று. முஸ்தபா கடையில் வாங்கியது எல்லாம் உள்ளே: மைலோ, சாக்லெட், பேரனின் பழைய துணி, சொந்தக்காரர்களுக்குக் கோடாலித் தைலம் ஒரு டஜன். 20.4 காட்டியது. அம்மா யாரையும் கேட்கவில்லை. பையைத் திறந்து மைலோ டின் ஒன்றை எடுத்து அக்காவின் அடுப்படி மேடையில் வைத்தாள். தைலம் ஒரு சீசாவை மட்டும் இடுப்பில் சொருகிக்கொண்டு மறுபடி தூக்கிக் காட்டச் சொன்னாள்.

19.8.